சுங்கை சிப்புட்டில் பெயர்ப் பலகை இல்லாத சாப்பாடு: ரசத்துக்குப் போகலாம், சாம்பாருக்கு வேண்டாம்

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது கடை இல்லை. மேசை நாற்காலி கிடையாது, கை கழுவ இடம் கிடையாது, உட்கார்ந்து சாப்பிட முடியாது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து மோட்டாரில் சில நிமிடம், ஒரு பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மூலை வீடு, பின்கட்டில் அடுப்பு, முன்வாசலில் ஒரு மடக்கு மேசை, அவ்வளவுதான். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும், மறுநாள் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் போனால் கிடைக்காது, கெஞ்சினாலும் கிடைக்காது, ஏனென்றால் மிச்சம் வைத்துச் சமைக்கிற பழக்கம் அங்கே இல்லை. இத்தனை கெடுபிடி இருந்தும் இதைப் பற்றி நீட்டி எழுத ஒரே காரணம், இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல ரசமும் சார்டின் பிரட்டலும் நான் சாப்பிட்டதில்லை.

பெயர்ப் பலகை இல்லாததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொழிலை எஸ்.எஸ்.எம்.மில் (தொழில் பதிவு ஆணையத்தில்) சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), தனியாக ஒரு கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. "பேருக்கு எதுக்கு தம்பி இன்னொரு முப்பது வெள்ளி, அந்தக் காசுக்குப் பத்து கிலோ லோக்கல் அரிசி வாங்கிட்டு மிச்சமும் இருக்கும்" என்று அக்கா சொன்னார். சமைப்பவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம், அவரைவிட மூத்தவர்கள்கூட. சொந்தப் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அக்காதான்.

சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். 1948 ஜூன் 16-இல் தோட்டத் துரைமார் மூன்று பேர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டு, அதோடு மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் ஆரம்பித்தது ஒன்று. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் ஊர், அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் என்பது இன்னொன்று. சாப்பாட்டுக்காக யாரும் இங்கே வண்டியை நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. வடக்கே போகிறவர்கள் கோலாகங்சாரில் லக்சா சாப்பிடுவார்கள், தெற்கே போகிறவர்கள் ஈப்போ போய்ச் சேர்ந்துவிடுவார்கள், நடுவில் நாங்கள். இந்த ஊரின் உண்மையான சமையல் தோட்டத்துச் சமையல். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) காலியாகி, ஆட்கள் தாமான்களுக்குக் குடிவந்தபோது அந்தச் சமையலும் கூடவே வந்தது, ஆனால் கடைகளில் மட்டும் ஏறவே இல்லை. வாழையிலைக் கடைக்குப் போங்கள், எந்த ஊராக இருந்தாலும் அதே பரங்கிக்காய், அதே முட்டைக்கோஸ், அதே பாகற்காய் வறுவல். கருவாடும் கத்தரிக்காயும், புளிச்சக்கீரையும், டின் சார்டினும் வீட்டில் மட்டுமே. அதையும் செய்யத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன.

அக்காவிடம் மெனு கார்டு கிடையாது, கிழமைதான் மெனு. திங்கள் கருவாட்டுக் குழம்பு, செவ்வாய் கெம்பூங் மீன் (கானாங்கெளுத்தி), புதன் சார்டின், வியாழன் கோழி, வெள்ளி முழுச் சைவம், சனி அவர் இஷ்டம், ஞாயிறு லீவு. ஒரு பொட்டலத்தில் புழுங்கலரிசிச் சோறு, குழம்பு, ரசம், இரண்டு காய், அப்பளம். சைவம் 7 வெள்ளி, கோழியும் சார்டினும் 9, மீன் 10. சனிக்கிழமை ஆட்டுக்கறி போட்டால் 14. சொந்த மங்கு (அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம்) கொண்டு போனால் 50 காசு குறைவு, இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன்.

புதன்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் என் நாள். டின் சார்டினுக்குக் காசு கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. காலைக் குளிர்ச்சியில் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே பெண்கள் நாலு மணிக்கே எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, தங்களுக்கு மங்கில் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். அந்த நேரத்தில் மீன் ஆய்ந்து கழுவ யாருக்கு முடியும்? தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைத்தது சேவல் படம் போட்ட டின், 1892-இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. அவசரச் சமையலாக வந்தது, மூன்று தலைமுறை தாண்டியும் ஆசைச் சமையலாக நிற்கிறது.

அக்கா அதைச் செய்வதை ஒருநாள் பின்கட்டில் நின்று பார்த்தேன். நம் வீடுகளில் பெரும்பாலும் டின்னைத் திறந்து அப்படியே தாளிப்பில் கவிழ்த்துவிடுவோம், ஐந்து நிமிடத்தில் மீன் உடைந்து கூழாகிவிடும். அவர் முதலில் மீனை மட்டும் ஒரு தட்டில் எடுத்து வைத்துவிடுகிறார், தக்காளிச் சாறு தனி. சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, அப்புறம் தடிமனாக அரிந்த பெரிய வெங்காயம். வெங்காயம் பொன்னிறம் வரக்கூடாது, கண்ணாடி ஆனதும் நிறுத்தம். மிளகாய்த்தூளைப் போட்டு அது கருகுமுன் தக்காளிச் சாற்றை ஊற்றி, ரொம்பக் கொஞ்சமாகப் புளி விட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து சிவப்பாக நிற்கும்வரை கொதிக்க விடுகிறார். மீன் கடைசியில்தான். போட்டதும் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று, மறுபக்கம் ஒரு சுழற்று, அடுப்பை அணைத்து மூடி. டின் மீன் ஏற்கெனவே டின்னுக்குள்ளேயே வெந்ததுதானே, முள்கூட மிருதுவாகியிருக்கும், அதற்குத் தேவை சூடும் மசாலாவும் மட்டும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது மீன் முழுசு முழுசாக இருக்கும், உள்ளே வரை காரம் இறங்கியிருக்கும். மேலே பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் சில புதன்களில் இருக்கிறது, சில புதன்களில் இல்லை. இருக்கும் புதன் நல்லது.

ரசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, குடித்தால் தெரியும். மிளகு, சீரகம், தோலோடு பூண்டு மூன்றையும் கல்லுரலில் தட்டுகிறார், அரைப்பதில்லை, ரசப்பொடி கிட்டேயே வராது. நுரை கட்டி மேலே எழும்போதே இறக்கிவிடுகிறார். கொதிக்க விட்டால் வாசனை வீட்டுக்குள் போய்விடும், ரசத்தில் இருக்காது என்பார். எனக்கு ஜலதோஷம் பிடித்த வாரத்தில் ரசம் மட்டும் தனியாக ஒரு பாட்டிலில் கேட்டேன், கொடுத்தார், காசு வாங்கவில்லை. இதைப் படித்துவிட்டு எல்லாரும் இலவச ரசம் கேட்காதீர்கள்.

இந்த வேலைக்கு அவர் எப்படி வந்தார் என்பதைச் சொன்னால்தான் மேற்கொண்டு நான் சொல்லப்போகும் குறைகள் புரியும். அம்மா பால்மரம் சீவியவர். அக்கா பள்ளிக்கூடம் முடித்ததும் கம்பெனி பஸ் ஏறி ஈப்போ பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஃபெக்டரிக்குப் போனார். தினமும் விடிகாலை பஸ், ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட், பூதக்கண்ணாடியில் குனிந்து சின்னச் சின்னச் சில்லுகளில் கோணல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வேலை மோசமென்று அவர் சொல்லவில்லை, பிள்ளைகள் இரண்டையும் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான் என்று மரியாதையாகவே பேசுவார். பிறகு அந்த லைனை மூடினார்கள், நஷ்டஈடு கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளைகள் ஒன்று சிங்கப்பூர், ஒன்று ஷா ஆலாம். வீட்டுக்காரர் லாரியில் போனால் மூன்று நாள் கழித்து வருவார். ஒரு ஆளுக்கு எதற்குச் சமைப்பது என்று ரொட்டியும் மைலோவுமாக ஓட்டியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மகன் கோலாலம்பூரிலிருந்து வர முடியவில்லை. வேலி மேலே ஒரு கிண்ணம் ரசம் நீட்டியதில் ஆரம்பித்தது, அடுத்த வாரம் எதிர்வீட்டு நர்ஸ், அப்புறம் நர்ஸுடன் வேலை பார்ப்பவர்கள் என்று நீண்டு போனது. முதலில் காசு வாங்க மறுத்திருக்கிறார். நர்ஸ்தான் சத்தம் போட்டு வாங்க வைத்தாராம், "காசு வாங்கலன்னா நாளைக்கு வர மாட்டேன்"னு. அந்த நர்ஸுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

ஏன் இதை விடாமல் செய்கிறீர்கள், கை கால் வலிக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்களே என்று கேட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டே பதில் சொன்னார். "ஃபெக்டரில அத்தன வருஷம் பார்த்த சில்லுல ஒன்னக் காட்டி, இது நீ பார்த்ததான்னு யாரும் கேட்டதில்ல தம்பி. எந்த ஃபோன்ல போச்சு, எந்த நாட்டுக்குப் போச்சு, ஒன்னும் தெரியாது. இங்க பாருங்க, செவ்வாய்க்கிழம உப்பு கூடிருச்சுன்னா புதன்கிழம பத்துப் பேரு மெசேஜ் போடுறாங்க. நல்லாருக்கு லா." திட்டு வாங்குவதைச் சந்தோஷமாகச் சொல்லும் சமையல்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். சாம்பார். வெள்ளிக்கிழமைச் சாம்பார் அரசாங்க ஆபீஸ் கடிதம் போல இருக்கும், எல்லாம் முறைப்படி இருக்கும், படித்து முடித்ததும் ஒன்றும் மனதில் நிற்காது. பருப்பு வெந்திருக்கிறது, முருங்கைக்காய் இருக்கிறது, பெருங்காயம் இருக்கிறது, ருசி மட்டும் எங்கோ போய்விடுகிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் நேராகவே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தால், "தெரியும் தம்பி, எனக்குச் சாம்பார் பிடிக்காது. சின்னப் புள்ளைல இருந்தே சாப்பிட மாட்டேன். கோயிலுக்குப் போறவங்க கேக்குறாங்கன்னு வைக்கிறேன்" என்றார். ஆசையாகச் சமைப்பவர்களிடம் இருக்கிற சிக்கலே இதுதான். பயிற்சி எடுத்த கடைச் சமையல்காரருக்குப் பிடித்தது பிடிக்காதது என்று கிடையாது, எல்லாம் ஒரே தரத்தில் இறங்கும். அக்காவுக்குப் பிடித்தது வானத்தில் இருக்கும், பிடிக்காதது தரையைத் தொடும். பாயாசமும் அப்படித்தான், சர்க்கரை கொட்டிக் கிடக்கும், ஏனென்றால் அவருக்கு இனிப்பின் அளவு பார்க்கத் தெரியாது, சர்க்கரை வியாதிக்குப் பயந்து ருசி பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை போவதென்றால் புளிச்சக்கீரைக் கடையலுக்கும் ரசத்துக்கும் போங்கள், சாம்பாரை நாய்க்கும் ஊற்றாதீர்கள், அதற்கும் உப்பு ஆகாது.

சனிக்கிழமை வேறு உலகம். அன்றைக்கு அவருக்குத் தோன்றியதுதான் சமையல், தோன்றுவது பெரும்பாலும் மழையைப் பொறுத்தது. செம்பனை மில்லில் பழத்தை உதிர்த்த பிறகு வெற்றுக் குலைகளைத் திரும்பத் தோட்டத்துக்கே கொண்டுவந்து உரமாகக் கொட்டுவார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் அந்தக் குவியலில் காளான் முளைக்கும். சாம்பல் தொப்பி, விரியாத மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் ஒரு நாளில் கறுத்து நீர் விட்டுவிடும். தோட்டத்தில் இன்னும் வேலை பார்க்கும் அவருடைய சின்னம்மா வழி உறவுக்காரர் பறித்துக்கொண்டு வந்து கொடுக்கிறார், எது காளான் எது விஷம் என்று தெரிந்த ஆள். அதை நிறைய சின்ன வெங்காயம், மிளகுத்தூள், கடைசியில் ஒரு கை தேங்காய்ப்பூ போட்டு பிரட்டி வைப்பார். நீர் சுண்டி, ஓரத்தில் கொஞ்சம் பிடித்து, மென்றால் ஆட்டு ஈரலோ என்று சந்தேகம் வரும். முன்கூட்டிச் சொல்ல முடியாது, காலையில்தான் மெசேஜ் வரும், இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். என் கணக்கில் மூன்று முறைக்கு ஒரு முறைதான் எனக்குக் கிடைக்கிறது, மற்றதெல்லாம் யாரோ வேகமாக டைப் அடிப்பவர்களுக்குப் போகிறது.

காளான் இல்லாத சனிக்கிழமைகளில் சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும். இது மட்டும் நாலு மணிக்கு, 4 வெள்ளி. கிழங்கின் உள்தோலையும் கனமாகச் சீவித் தள்ளி, மூடாமல் நிறையத் தண்ணீரில் வேக வைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுகிறார். மரவள்ளியில் இருக்கும் நச்சு போவதற்கு அதுதான் வழி. சம்பலில் பெலாச்சானை (புளித்த இறால் விழுதை) சுட்டுச் சேர்க்கிறார், வாசனை நாலு வீடு தள்ளிப் போகும். பக்கத்து வீட்டுத் தாத்தா, வேலி தாண்டி ரசம் வாங்கிய அதே தாத்தா, இதை மட்டும் தொட மாட்டார். ஜப்பான்காரன் காலத்தில், 1942-லிருந்து 45 வரை, சோற்றைப் பார்க்காமல் கிழங்கையே தின்று வளர்ந்த பிள்ளை அவர், அப்பாவைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. கிழங்கு வேகும் நாளில் அவருக்குத் தனியாக இரண்டு தோசை போகும். இதை யாரும் அவருக்கு விலை போட்டுக் கணக்குப் பார்ப்பதில்லை.

விலை பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப் போகவில்லை. 7 வெள்ளி மலிவு, ரொம்ப மலிவு. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை எகிறியபோது 50 காசு ஏற்றினார், அதற்கே ஒரு வாரம் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சாமான், கேஸ், பொட்டலத் தாள் போக நாளுக்கு 80 வெள்ளி நிற்கும் என்கிறார், அப்படியென்றால் மாதம் இரண்டாயிரத்தை ஒட்டி வரும், 2025-இல் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் மேலே. ஆனால் விடிகாலை மார்க்கெட், காலை முழுக்க அடுப்பு, மதியம் பாத்திரம், இரவு வாட்ஸ்அப் என்று மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அது ஒரு ஆள் சம்பளம் இல்லை, ஒன்றரை ஆள் வேலை. லாரி ஓட்டுவதை விட்டுவிட்ட வீட்டுக்காரர் பொட்டலம் கட்டுகிறார், அவருக்குச் சம்பளம் ஒரு தட்டுச் சோறு. நான் சொன்னேன், ஒரு வெள்ளி ஏற்றுங்கள், யாரும் ஓட மாட்டார்கள் என்று. "ஏத்துனா கோழிப் பண்ணையில வேல பாக்குற பையங்க நாளைக்கு மெகி சாப்பிடுவாங்க" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் ஏற்ற வேண்டும் என்பதுதான் என் கருத்து.

பெரிதாக்கச் சொல்லி வராதவர்கள் இல்லை. சிறுதொழில் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான தெக்குனில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் இருக்கிறது, எடுத்துக் கடை போடு என்று மகன் சொல்கிறான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். உணவு டெலிவரி ஆப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று இன்னொருவர். எல்லாருக்கும் ஒரே பதில், பெரிய சட்டியைத் தட்டிக் காட்டுவார். அந்தச் சட்டியில் முப்பத்தைந்து பேருக்குத்தான் குழம்பு கொள்ளும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு சட்டி, இன்னொரு அடுப்பு, அதைக் கிண்ட இன்னொரு ஆள். "அந்த ஆளு கிண்டுனா அது அந்த ஆளு குழம்பு." வியாபாரப் புத்தி உள்ளவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். சாப்பிடுகிறவன் என்ற முறையில் எனக்கு இதுதான் லாபம். பக்கத்துப் பட்டணத்தில் ஒரு வாழையிலைக் கடை, ஆரம்பத்தில் முதலாளியம்மா தானே சமைத்தபோது வரிசை நின்றது. மூன்று கிளை திறந்தார்கள். இப்போது மூன்றிலும் அதே தண்ணீர்க் குழம்பு, அதுவும் ஒரே அளவு தண்ணீர்.

சுத்தத்துக்கு முழு மார்க். உணவு கையாளுபவர் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு ஊசி அட்டையும் சுவரில் மாட்டியிருக்கிறது, இருவருக்கும். 2009-இல் வந்த உணவுச் சுகாதார விதிப்படி அது கட்டாயம்தான், ஊசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆனால் டவுனில் எத்தனை கடைச் சுவரில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? தலையில் துணி, வெட்டும் பலகை மீனுக்கு ஒன்று காய்க்கு ஒன்று. ஃபெக்டரிப் பழக்கம் போகவில்லை என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

பொட்டலம்தான் மோசம். கொதிக்கக் கொதிக்கக் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொடுக்கிறார்கள். சூட்டில் அது நல்லதில்லை, மோட்டார் கூடையில் ஆடினால் ஒழுகும், என் கால்சட்டையில் மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. இதற்காகத்தான் மங்கு கொண்டு போகச் சொல்கிறேன். மூன்றடுக்கு மங்கு டவுனில் பாத்திரக் கடையில் கிடைக்கும், 50 காசு கழிவில் கொஞ்ச நாளில் அதன் விலை கழிந்துவிடும். மங்கில் போட்டால் காயும் கொஞ்சம் கூடுதலாக விழும், இது எழுதப்படாத சட்டம்.

வண்டி நிறுத்த இடமில்லை, எதிர்வீட்டு வாசலை மறைக்காதீர்கள், அந்த வீட்டுக்காரர் ஹார்ன் அடிக்க மாட்டார், நேராகக் கத்துவார். அட்டை, கியூஆர் எல்லாம் மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான், ஆனால் ஃபோன் எங்கே என்று தேடுவதற்குள் சாப்பாடு ஆறிவிடும், ரொக்கமாகவே கொண்டு போங்கள், சில்லறையாக. வியாழக்கிழமைக் கோழிக்குழம்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது எல்லா வீட்டிலும் கிடைக்கும், அதற்காக ஈப்போவிலிருந்து வர வேண்டாம். கருவாட்டுக் குழம்புக்கு வரலாம். மாங்காய்க் காலத்தில் கண்டிப்பாக வரலாம்.

தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் செய்கிறார், அச்சுமுறுக்கு எண்ணெய் குடித்திருக்கும், அதை விட்டுவிட்டு நெய்யுருண்டை மட்டும் சொல்லுங்கள், பாசிப்பயறை வறுத்து மில்லில் கொடுத்து அரைத்தது, வாயில் வைத்ததும் கரையும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் மூடிவிடும்.

எண் இங்கே போட மாட்டேன். டவுனில் காய்கறி மார்க்கெட்டில் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள், போய் நேரில் ஒருமுறை முகம் காட்டினால்தான் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார், அது அவருடைய முறை. எப்போதாவது சனிக்கிழமை நண்டு போடுவார், அதற்கு வியாழனே சொல்ல வேண்டும். இந்த வாரம் போடுகிறார், ஆனால் கேட்டுப் பார்த்தேன், முப்பத்தைந்தும் போய்விட்டது.